பழைய கணினியை வீட்டு சர்வராக்கலாமா? டவர், அலுவலகப் பெட்டி, லேப்டாப், நாஸ்: ஓர் ஒப்பீடு

பரணில் கிடக்கும் கணினியை இறக்கி, வீட்டில் எல்லோருடைய போட்டோ, படம், பாட்டு, ஆவணங்களையும் ஒரே இடத்தில் வைக்கலாம் என்று தோன்றியவுடன் பலரும் தேடுவது எந்த மென்பொருள் நல்லது என்பதைத்தான். அது மூன்றாவது கேள்வி. முதல் கேள்வி, அந்தக் கணினி சும்மா இருக்கும்போது எத்தனை வாட் இழுக்கிறது. இரண்டாவது, எந்த டிஸ்க்கில் சேமிக்கப் போகிறோம், அது செத்தால் என்ன செய்வோம். இந்த இரண்டுக்கும் விடை தெரிந்துவிட்டால் மென்பொருள் தேர்வு பாதி முடிந்துவிடும்.

முதலில் மீட்டர்

ஒரு வாட் இரண்டு மாதம் இடைவிடாமல் ஓடினால் 1.44 யூனிட். தமிழ்நாட்டில் மின்கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்பதால் இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொண்டால் போதும், மற்ற எல்லாம் பெருக்கல்தான்.

2008 வாக்கில் வாங்கிய கோர் 2 டுவோ டவர், ஒரு டிஸ்க்குடன் சும்மா இருக்கும்போதே 60 முதல் 80 வாட் எடுக்கும். 70 என்று வைத்தால் கணக்கு 100 யூனிட். வீட்டு இணைப்புக்கு இலவசமாகக் கிடைக்கும் முதல் 100 யூனிட்டையும் அந்த ஒரு பெட்டியே தின்றுவிடும். ஏற்கெனவே 420, 450 யூனிட் ஓடும் வீடு என்றால் நிலைமை இன்னும் மோசம். 500ஐத் தாண்டியதும் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதில்லை; கீழ்ப்படியில் இருக்கும் யூனிட்டுகளுக்கும் வேறு கட்டணப் பட்டியல் வந்துவிடும்.

இன்டெல் 4ஆம் தலைமுறை ஐ5 உள்ள அலுவலகக் கணினி 25 முதல் 35 வாட், அதாவது இரண்டு மாதத்துக்கு 36 முதல் 50 யூனிட். திரை அணைந்த லேப்டாப் 10 முதல் 15 வாட். எஸ்எஸ்டி மாட்டிய ராஸ்பெர்ரி பை 4 என்ற கையளவு கணினி சுமார் 5 வாட். நாஸ் பெட்டி, அதாவது வீட்டு நெட்வொர்க்கில் மாட்டுவதற்கென்றே விற்கும் சேமிப்புப் பெட்டி, இரண்டு டிஸ்க்குடன் 15 முதல் 20 வாட். கூடுதலாகச் சேர்க்கும் ஒவ்வொரு 3.5 அங்குல டிஸ்க்குக்கும் 4 முதல் 6 வாட் கூட்டிக்கொள்ளுங்கள். டவரில் பழைய கிராஃபிக்ஸ் கார்டு இருந்து, போர்டிலேயே டிஸ்ப்ளே வசதியும் இருந்தால் கார்டைக் கழற்றிவிடுங்கள். சர்வருக்கு அது தேவையே இல்லை, சும்மா இருந்தே 15, 20 வாட் எடுக்கும்.

யூனிட் 8 ரூபாய் என்று வைத்துப் பார்த்தால், 70 வாட் பெட்டிக்கு ஆண்டுக்கு 613 யூனிட், 4,900 ரூபாய். 30 வாட் பெட்டிக்கு 263 யூனிட், 2,100 ரூபாய். வித்தியாசம் ஆண்டுக்கு 2,800. மூன்று ஆண்டு ஓட்டுவதாக இருந்தால் இந்த 8,400 ரூபாயைக் கையில் வைத்துக்கொண்டு, சென்னை ரிச்சி தெருவிலோ உங்கள் ஊர் கணினிக் கடையிலோ பழைய அலுவலகப் பெட்டி என்ன விலை என்று ஒருமுறை கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

இவையெல்லாம் வழக்கமான அளவுகள். உங்கள் பெட்டியை நீங்களே அளப்பதுதான் சரி. பிளக்கில் செருகும் வாட் மீட்டர் இல்லாவிட்டால் வீட்டு மின்மீட்டரே போதும். அதில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை துடிப்பு என்று அச்சிட்டிருக்கும். 3200 துடிப்பு என்றிருந்தால், மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டுக் கணினியை மட்டும் ஓடவிடுங்கள். 16 நொடிக்கு ஒருமுறை சிவப்பு விளக்கு மின்னினால் 70 வாட், 38 நொடிக்கு ஒருமுறை என்றால் 30 வாட்டுக்குக் கொஞ்சம் குறைவு.

கோர் 2 டுவோ டவர்

நம் ஊரில் பரணில் இருப்பவற்றில் ஜி31, ஜி41 சிப்செட் போர்டுகள் ஏராளம். ஜி31இல் ராம் 4 ஜிபிக்கு மேல் ஏறாது. டிஸ்க்கைப் போர்டோடு இணைக்கும் சாட்டா வழியின் வேகம் 3 கிகாபிட். டிஸ்க்குக்கு அது தாராளம். உண்மையான இடர்ப்பாடு நெட்வொர்க்கில் இருக்கிறது. இந்த வகை போர்டுகளில் பலவற்றில் லேன் 100 மெகாபிட்தான். நடைமுறையில் நொடிக்கு 11, 12 எம்பி. 100 ஜிபி போட்டோவை ஏற்ற இரண்டரை மணி நேரம் ஆகும். கிகாபிட்டில் நொடிக்கு 110 எம்பி வரும், அதே வேலை கால் மணி நேரத்தில் முடியும். பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் ஒரு கிகாபிட் கார்டு போட்டால் தீர்வு கிடைக்கும். பழைய வெள்ளை பிசிஐ ஸ்லாட்டில் போடும் கார்டை வாங்காதீர்கள். அந்தப் பாதையின் மொத்தக் கொள்ளளவே நொடிக்கு 133 எம்பி, அதையும் மற்ற கார்டுகளோடு பகிர வேண்டும்.

கார்டு மாற்றியும் 100லேயே நின்றால் கேபிளைப் பாருங்கள். நான்கு கம்பி மட்டும் கிரிம்ப் செய்த கேபிளில் கிகாபிட் ஓடாது; எட்டும் வேண்டும். ரவுட்டரின் லேன் போர்ட்டும் கிகாபிட்தானா என்று பார்த்துவிடுங்கள். இணைய நிறுவனங்கள் இலவசமாகத் தரும் சில ரவுட்டர்களில் ஒரு போர்ட் மட்டும்தான் கிகாபிட்.

இதற்கெல்லாம் மேலே எஸ்எம்பிஎஸ், அதாவது கணினிக்கு மின்சாரத்தை மாற்றித் தரும் பெட்டி. பத்து வருடம் தூசியில் இருந்த மலிவு எஸ்எம்பிஎஸ்சை நம்பி நாள் முழுக்க டிஸ்க் ஓட்டக் கூடாது. போர்டைத் திறந்து பிராசஸரைச் சுற்றியுள்ள கெபாசிட்டர்களின் தலையைப் பாருங்கள். உப்பியிருந்தாலோ பழுப்பாகக் கசிந்திருந்தாலோ அந்தப் போர்டை விட்டுவிடுங்கள். எஸ்எம்பிஎஸ்சில் சாட்டா மின் இணைப்பு போதாதபோது பெரிய நான்கு முள் இணைப்பிலிருந்து மாற்றும் வயர் வாங்குவார்கள். வயரோடு சேர்த்து வார்த்த பிளாஸ்டிக் தலை உள்ளவை உள்ளே ஷார்ட் ஆகித் தீப்பிடித்திருக்கின்றன. தனித்தனி வயரை அழுத்தி மூடி போட்ட வகையையே கேளுங்கள்.

எனவே டவரை நாள் முழுக்க ஓடும் சர்வராக்க வேண்டாம். அதற்குப் பொருத்தமான வேலை வேறு இருக்கிறது: இரண்டாவது நகல் வைக்கும் பெட்டி. வாரத்தில் ஒருநாள் ஆன் செய்து, புதிதாகச் சேர்ந்ததை எல்லாம் பிரதி எடுத்துக்கொண்டு அணைத்துவிட வேண்டியது. மாலை 6 முதல் 11 வரை மட்டும் படம் பார்ப்பதற்கு என்றாலும் இரண்டு மாதத்துக்கு 21 யூனிட்தான். கணினியை ஆன் செய்ததும் முதலில் ஓடும் பயாஸ் அமைப்பில், தினமும் குறித்த நேரத்தில் தானாக எழும் வசதி இந்தப் போர்டுகளிலும் பெரும்பாலும் உண்டு.

பென்டியம் 4 காலத்துக்கு முந்தைய, அல்லது ஆட்டம் என்270 போன்ற 32 பிட் பிராசஸர் உள்ள நெட்புக் என்றால் யோசிக்கவே வேண்டாம். 2025 ஆகஸ்ட்டில் வந்த டெபியன் 13 இலிருந்து 32 பிட் இன்டெல் கணினிக்கு நிறுவியே கிடையாது.

அலுவலகத்திலிருந்து கழிந்த பெட்டி

டெல் ஆப்டிப்ளெக்ஸ் 7020, எச்பி எலைட்டெஸ்க் 800 ஜி1 போன்றவை நிறுவனங்கள் கும்பலாகக் கழித்துவிட்டுக் கடைக்கு வருபவை. 4ஆம் தலைமுறை ஐ5, கிகாபிட் லேன், 16 ஜிபிக்கு மேலும் ஏறும் ராம், 6 கிகாபிட் சாட்டா, சத்தமில்லாத விசிறி. வீட்டு சர்வருக்கு இதைவிடப் பொருத்தமான பழைய பெட்டி இல்லை. 6, 7ஆம் தலைமுறைப் பெட்டி கைக்கு எட்டினால் இன்னும் நல்லது. காரணம் வீடியோ பகுதியில் வருகிறது.

இரண்டு சங்கடங்களை முன்பே தெரிந்துகொள்ளுங்கள். சிறிய உடல் உள்ள வகையில் 3.5 அங்குல டிஸ்க் ஒன்றுக்குத்தான் இடம். இரண்டு டிஸ்க் வேண்டும் என்றால் டவர் வகையையே கேட்டு வாங்க வேண்டும். கடைக்காரர் இரண்டையும் ஒரே பெயரில்தான் சொல்வார். அடுத்தது, இவற்றின் எஸ்எம்பிஎஸ் வழக்கமான 24 முள் இணைப்பு கொண்டதல்ல. ஆப்டிப்ளெக்ஸில் 8 முள், எலைட்டெஸ்க்கில் 6 முள். பழுதானால் கடையில் தொங்கும் எஸ்எம்பிஎஸ்சை அப்படியே மாட்ட முடியாது. அதே மாடலின் பழைய எஸ்எம்பிஎஸ் தேட வேண்டும், அல்லது மாற்று வயர் வாங்க வேண்டும்.

வாங்கியதும் தூசி தட்டி, பிராசஸரின் தெர்மல் பேஸ்ட்டை மாற்றி, போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரியையும் புதிதாகப் போடுங்கள். அந்தப் பேட்டரி செத்திருந்தால் ஒவ்வொரு மின்தடைக்குப் பிறகும் பயாஸ் அமைப்புகள் மறந்துபோய், கணினி கீபோர்டு கேட்டு நின்றுகொண்டிருக்கும். திரையில்லாத சர்வரில் இதைக் கண்டுபிடிக்கவே ஒரு நாள் போகும்.

லேப்டாப்

குறைந்த வாட், சத்தமில்லை, கூடவே பேட்டரி இருப்பதால் தனி யுபிஎஸ் வேண்டாம். ஒரே ஒருவர் அல்லது சிறிய குடும்பம், 1 டிபிக்குள் தரவு என்றால் லேப்டாப்பே சிறந்தது. அதற்கு மேல் போகும்போது இடம் இல்லாமல் திணறும். உள்ளே ஒரு 2.5 அங்குல டிஸ்க். டிவிடி டிரைவ் இருந்தால் அதைக் கழற்றி, அந்த இடத்தில் டிஸ்க்கை மாட்டும் கேடி என்ற சட்டம் ஒன்றில் இன்னொன்று. கேடியின் தடிமன் 9.5 மிமீ, 12.7 மிமீ என இரு அளவு உண்டு, டிவிடி டிரைவை வெளியே எடுத்து அளந்துவிட்டு வாங்குங்கள். யுஎஸ்பி 3 போர்ட் இருந்தால் வெளிப்புற டிஸ்க் ஓட்டலாம். யுஎஸ்பி 2 மட்டும் என்றால் நொடிக்கு 30, 40 எம்பிதான் வரும்.

கவனிக்க வேண்டியது பேட்டரி. எப்போதும் சார்ஜரிலேயே 100 விழுக்காட்டில் நிற்கும் பழைய பேட்டரி சூட்டில் உப்பும். டச்பேட் மேலெழும்புவதோ மூடி சரியாக மூடாததோ தெரிந்தால் அன்றே பேட்டரியைக் கழற்றிவிட வேண்டும். அதைக் குத்தவோ அழுத்தவோ கூடாது. திங்க்பேட் போன்றவற்றில் சார்ஜை 80 விழுக்காட்டில் நிறுத்த முடியும். லினக்ஸில் டிஎல்பி என்ற சிறு மென்பொருள் அதைச் செய்யும். மூடியை மூடியதும் லேப்டாப் தூங்கிவிடுவதையும் மாற்ற வேண்டும்: சிஸ்டம்டியின் லாகின்டி அமைப்புக் கோப்பில் மூடி சுவிட்சுக்கான வரியை இக்னோர் என்று எழுதி மறுதொடக்கம் செய்தால் போதும்.

புதிதாக வாங்கினால்?

ராஸ்பெர்ரி பை 4க்கு கிகாபிட்டும் யுஎஸ்பி 3உம் உண்டு, கோப்புப் பகிர்வுக்கு நன்றாகவே ஓடும். வீடியோவை வேறு வடிவத்துக்கு மாற்றும் வேலைக்கு ஆகாது. பை 5இலோ வீடியோ என்கோடர் வன்பொருளே இல்லை. நாஸ் பெட்டியின் பெரிய வசதி, மென்பொருள் தொந்தரவு இல்லாததும் டிஸ்க் மாற்ற எளிதானதும். ஆனால் வாங்கியபோது இருந்த வசதி நாளைக்கும் இருக்கும் என்று உறுதியில்லை. நாஸ் தயாரிக்கும் சினாலஜி நிறுவனம், 2024இல் வந்த தன் டிஎஸ்எம் இயங்குதளத்தின் 7.2.2 பதிப்பில் படம் பார்க்கும் வீடியோ ஸ்டேஷன் செயலியை நீக்கியதோடு, எச்இவிசி என்ற வடிவத்தில் சுருக்கிய வீடியோவைப் பெட்டியிலேயே கையாளும் வசதியையும் எடுத்துவிட்டது. வீட்டில் யாருக்கும் லினக்ஸ் பக்கம் போக விருப்பமில்லை, போட்டோவும் ஆவணமும்தான் முக்கியம் என்றால் நாஸ் பெட்டிதான் சரி. படம் பார்ப்பதே முதன்மை என்றால் அதே பணத்தில் இன்டெல் என்100 பிராசஸர் உள்ள மினி கணினி நன்றாக உழைக்கும், 10 வாட் அளவில் ஓடும், 3.5 அங்குல டிஸ்க்கை மட்டும் வெளியேதான் வைக்க வேண்டும்.

டிஸ்க்

பெட்டி பழையதாக இருக்கலாம். ஒரே நகலைத் தாங்கும் டிஸ்க் பழையதாக இருக்கக் கூடாது.

கையிலிருக்கும் டிஸ்க் எந்த நிலையில் இருக்கிறது என்பதை டிஸ்க்கே தன்னைப் பற்றிப் பதிந்துவைக்கும் ஸ்மார்ட் தகவல்களே சொல்லும். விண்டோஸில் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ, லினக்ஸில் ஸ்மார்ட்சிடிஎல். பார்க்க வேண்டிய எண்கள் ஐந்து. 5, 197, 198 ஆகிய மூன்றும் பூஜ்யமாக இருக்க வேண்டும். 5ஆம் எண் டிஸ்க் ஏற்கெனவே ஒதுக்கிவிட்ட கெட்ட பகுதிகள். 197 படிக்க முடியாமல் காத்திருப்பவை. 197 கூடிக்கொண்டே போகும் டிஸ்க்கில் எதையும் வைக்காதீர்கள், உள்ளதை உடனே வெளியே எடுங்கள். 199 ஏறினால் டிஸ்க்கைக் குறை சொல்ல வேண்டாம். பெரும்பாலும் சாட்டா கேபிள்தான், மாற்றிப் பாருங்கள். 9ஆம் எண் ஓடிய மணி நேரம். ஆண்டுக்கு 8,760 மணி என்பதால் 40,000 என்றால் நாலரை ஆண்டு இடைவிடாமல் ஓடியிருக்கிறது. அப்படிப்பட்டதை இரண்டாவது நகலுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். எண்கள் சுத்தமாக இருந்தாலும் நீண்ட சோதனையை ஒருமுறை ஓடவிடுங்கள். 1 டிபி டிஸ்க்குக்கு இரண்டு, மூன்று மணி நேரம் பிடிக்கும்.

2 டிபிக்கு மேற்பட்ட டிஸ்க்கைப் பழைய போர்டில் போடலாமா என்ற சந்தேகம் அடிக்கடி வரும். பூட் செய்யும் டிஸ்க்காக இல்லாமல், ஜிபிடி முறையில் பிரித்துத் தரவுக்கு மட்டும் வைத்தால் லினக்ஸ் எடுத்துக்கொள்ளும். பழைய எம்பிஆர் முறையில் பிரித்தால்தான் 2 டிபிக்கு மேல் உள்ள இடம் கண்ணில் படாது.

எஸ்எம்ஆர், சிஎம்ஆர் என்ற பிரிவையும் வாங்கும் முன் பாருங்கள். சிஎம்ஆர் டிஸ்க்கில் தடங்கள் தனித்தனியாக இருக்கும். எஸ்எம்ஆர் டிஸ்க்கில் அவை ஓடு வேய்ந்ததுபோல ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். ஓர் இடத்தை மாற்றி எழுத அடுத்தவற்றையும் திரும்ப எழுத வேண்டும். படம் போட்டுவைத்துப் பார்க்க அதனால் இடைஞ்சல் இல்லை. பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்துக் காக்கும் ரெய்டு முறையில், அதுவும் ஜெட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையில், செத்த டிஸ்க்குக்குப் பதில் புதியதை வைத்து மீட்கும்போதுதான் நாட்கணக்கில் இழுக்கும், சில நேரம் பாதியில் டிஸ்க்கையே வெளியே தள்ளிவிடும். நாஸுக்கென்றே விற்ற டபிள்யூடி ரெட் வரிசையில் 2 முதல் 6 டிபி வரை சில மாடல்கள் எஸ்எம்ஆர் என்பது 2020இல் வெளிவந்த பிறகுதான், சிஎம்ஆர் வகைக்கு ரெட் பிளஸ் என்று தனிப் பெயர் வந்தது.

மென்பொருள்: ராமும் டிஸ்க்கும் சொல்லும் முடிவு

விண்டோஸை அப்படியே வைத்து ஒரு ஃபோல்டரை ஷேர் செய்வது பத்து நிமிட வேலை. ஆனால் விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. விண்டோஸ் 11 முறைப்படி இன்டெல் 8ஆம் தலைமுறைக்குக் கீழே இறங்காது. பாதுகாப்புத் திருத்தம் வராத கணினியில் வீட்டின் எல்லாக் கோப்புகளையும் வைப்பது தவறு. எனவே இதை 8ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ ஆன பெட்டி உள்ளவர்களுக்கு மட்டுமே சொல்லலாம்.

மீதி உள்ளவற்றில் பெரும்பாலான வீடுகளுக்கு ஓப்பன்மீடியாவால்ட் போதும். டெபியன் மேல் கட்டிய இலவச மென்பொருள், 1 ஜிபி ராமிலும் ஓடும். படங்களை டிவிக்கு அனுப்பும் ஜெல்லிஃபின் மென்பொருளும் சேர்ந்தால் 4 ஜிபி வைத்துக்கொள்ளுங்கள். அளவு ஒத்துப்போகாத பழைய டிஸ்க்குகளை ஒன்றாகக் காட்டுவதில்தான் இதன் அருமை. மெர்ஜர்எஃப்எஸ் என்ற இணைப்பு 1 டிபி, 2 டிபி, 4 டிபி டிஸ்க்குகளை ஒரே ஃபோல்டராகக் காட்டும். ஒவ்வொரு கோப்பும் முழுசாக ஏதோ ஒரு டிஸ்க்கில்தான் இருக்கும், அதனால் ஒன்று செத்தாலும் மற்றவை அப்படியே படிக்கக் கிடைக்கும். கூடவே ஸ்னாப்ரெய்டு சேர்த்தால், மிகப் பெரிய டிஸ்க்குக்குக் குறையாத ஒரு பாரிட்டி டிஸ்க்கை (மற்ற டிஸ்க்குகளிலிருந்து கணக்கிட்ட மீட்புத் தகவல் இருப்பது) வைத்து ஒரு டிஸ்க் இழப்பை மீட்கலாம். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: பாரிட்டி, கடைசியாக சிங்க் ஓடிய நேரம் வரைக்கும்தான். இரவு 3 மணிக்கு சிங்க் வைத்தால், பகலில் ஏற்றிய கோப்புக்கு அன்றிரவு வரை பாதுகாப்பில்லை. அரிதாகவே மாறும் படத் தொகுப்புக்கு இது மிகப் பொருத்தம். தினமும் மாறும் கணக்குக் கோப்புகளுக்குப் பொருந்தாது.

ட்ரூநாஸ் வேறு ரகம். 8 ஜிபி ராம் குறைந்தபட்சம், ஒரே அளவுள்ள இரண்டு டிஸ்க் வேண்டும்; பூட் டிஸ்க் முழுவதையும் தனக்கே எடுத்துக்கொள்ளும், அதில் மீதி இடம் இருந்தாலும் தரவு வைக்க முடியாது. யுஎஸ்பி டிஸ்க்குகளைத் தரவுக்கு வைப்பது சரிவராது. ரெய்டு கார்டு வழியாகவும் போடக் கூடாது. ஜெட்எஃப்எஸ் டிஸ்க்கை நேராகப் பார்க்க வேண்டும். இந்தக் கண்டிப்புக்குப் பலன் பெரிது. ஒவ்வொரு துண்டுக்கும் சரிபார்ப்புத் தொகை வைத்திருப்பதால், வெளியே தெரியாமல் கெட்டுப்போன போட்டோவைக் கண்டுபிடித்து இணை டிஸ்க்கிலிருந்து தானே சரிசெய்யும். மணிக்கு ஒருமுறை ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்தில் கோப்புகள் இருந்த நிலையின் பதிவு) வைத்தால், தவறுதலாக அழித்த ஃபோல்டரை விண்டோஸின் முந்தைய பதிப்புகள் பக்கத்திலிருந்தே எடுத்துவிடலாம். குடும்பப் போட்டோவும் தொழில் கோப்பும்தான் முதன்மை, கையில் 8 ஜிபி அலுவலகப் பெட்டியும் இரண்டு புதிய டிஸ்க்கும் இருக்கின்றன என்றால் ட்ரூநாஸ் போடுங்கள், தயக்கம் வேண்டாம்.

அன்ரெய்ட் பென் டிரைவிலிருந்து ஓடும், அளவு வேறுபட்ட டிஸ்க்குகளை உடனுக்குடன் மாறும் பாரிட்டியுடன் காக்கும், பழக எளிது. இலவசமல்ல: 2024இல் தொடக்க உரிமம் 49 டாலராகவும் வாழ்நாள் உரிமம் 249 டாலராகவும் இருந்தன. பழைய பெட்டியைச் செலவில்லாமல் பயன்படுத்த வந்தவருக்கு இது கணக்கைக் கெடுக்கும்.

படம் பார்ப்பது

டிவியே அந்த வீடியோவைப் படிக்கும் என்றால் சர்வருக்கு வேலையே இல்லை; கோப்பை அனுப்பினால் போதும், கோர் 2 டுவோவும் திணறாது. டிவியால் படிக்க முடியாத வடிவம் என்றால் சர்வர் அதை ஓடும்போதே மாற்ற வேண்டும். பழைய பெட்டிகள் விழுவது இங்கேதான்.

இன்டெல் பிராசஸரோடு வரும் வீடியோ மாற்றும் வன்பொருளான க்விக் சிங்க் 2ஆம் தலைமுறையிலிருந்து எச்.264 வீடியோவைக் கையாளும். எச்இவிசி 6ஆம் தலைமுறையிலும், 10 பிட் எச்இவிசி 7ஆம் தலைமுறையிலும் வந்தன. ஐஃபோன் 2017 முதலும், இப்போதைய பல ஆண்ட்ராய்டு போன்களும் எச்இவிசியிலேயே பதிவு செய்வதால், உங்கள் வீட்டு நிகழ்ச்சி வீடியோக்களே இந்த வகைதான். 4ஆம் தலைமுறைப் பெட்டியிடம் 4கே எச்இவிசியை மாற்றச் சொன்னால் நாலு கோரும் நூறு விழுக்காட்டில் நின்று படம் திக்கித் திக்கி ஓடும். பெட்டியை மாற்றுவதைவிட, எச்இவிசி படிக்கும் டிவி ஸ்டிக் ஒன்றை டிவியில் செருகுவது மலிவான தீர்வு.

படம் அனுப்பும் மென்பொருளுக்கு ஜெல்லிஃபினா ப்ளெக்ஸா என்றால், வீட்டுக்குள் பார்க்க ஜெல்லிஃபின். வன்பொருள் வழியாக வீடியோவை மாற்றுவது உட்பட எல்லாமே இலவசம், கணக்கு தொடங்கத் தேவையில்லை. ப்ளெக்ஸில் அதற்குக் கட்டணச் சந்தா வேண்டும். 2025 ஏப்ரல் முதல் வெளியூரிலிருந்து சொந்தப் படத்தைப் பார்க்கவும் கட்டணம். பழைய டிவிகளில் செயலியே இல்லாவிட்டால் மினிடிஎல்என்ஏ என்ற எளிய மென்பொருள் போதும், போஸ்டர் அழகெல்லாம் இருக்காது.

படம் திணறினால் ஜெல்லிஃபினின் டாஷ்போர்டைத் திறந்து பாருங்கள், நேரடியாக ஓடுகிறதா மாற்றி ஓடுகிறதா, ஏன் என்று எழுதியிருக்கும். பெரும்பாலும் இரண்டு காரணம். செயலியில் தரம் தானியங்கியில் இருப்பது. அதை உச்சத்துக்கு மாற்றுங்கள். அல்லது படத்தின் மேல் எரித்துப் பதிக்க வேண்டிய சப்டைட்டில். புளூரே படங்களில் வரும் பட வடிவச் சப்டைட்டிலை விட்டு எஸ்ஆர்டி கோப்பு வைத்தால் சர்வர் மாற்ற வேண்டியிருக்காது. தமிழ்ச் சப்டைட்டில் எரித்துப் பதிக்கும்போது வெறும் கட்டம் கட்டமாக வந்தால், சர்வரில் தமிழ் எழுத்துரு இல்லை என்று பொருள். நோட்டோ தமிழ் எழுத்துருவை நிறுவி, எஸ்ஆர்டி கோப்பை யுடிஎஃப்-8இல் சேமியுங்கள்.

நிறுவும்போது தவறுவது எங்கே

ஓப்பன்மீடியாவால்ட் என்று வைத்துக்கொள்வோம். 120 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று இயங்குதளத்துக்கு. மென்பொருளைத் தரவு டிஸ்க்கில் போட்டால் பின்னால் பிரிக்க முடியாது. நிறுவும்போது தரவு டிஸ்க்குகளின் கேபிளைக் கழற்றிவிடுங்கள். எது எந்த டிஸ்க் என்று குழம்பி, போட்டோ இருந்த டிஸ்க்கை அழித்துவிடும் விபத்து இந்தக் கட்டத்தில்தான் நடக்கிறது. நிறுவி முடிந்ததும் ரவுட்டரில் அந்தக் கணினிக்கு நிலையான முகவரி ஒதுக்குங்கள். இல்லாவிட்டால் ரவுட்டர் அணைந்து எழுந்த ஒரு நாளில் டிவிக்கு சர்வர் காணாமல் போய்விடும். பிறகு உலாவியில் உள்ளே போய், முதலில் கடவுச்சொல்லை மாற்றுங்கள். அதன்பின் டிஸ்க்கை மாட்டி, லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பு முறைமை அமைத்து, ஃபோல்டர் பகிர்ந்து, ஒவ்வொருவருக்கும் தனிப் பயனர் கொடுங்கள். எக்ஸ்ட்4 அமைப்பது டிஸ்க்கை முழுக்கத் துடைக்கும். உள்ளே இருப்பதை அதற்கு முன்பே வேறிடத்துக்கு மாற்றியிருக்க வேண்டும்.

படத்துக்கான ஃபோல்டரை எல்லோருக்கும் படிக்க மட்டும் அனுமதியுங்கள். வீட்டில் ஒரு விண்டோஸ் கணினிக்குள் கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் நுழைந்தால், அது எழுத முடிகிற ஷேர்களையும் சேர்த்துப் பூட்டும்.

ஜெல்லிஃபினை டாக்கரில் (மென்பொருளைத் தனி உறைக்குள் ஓட்டும் முறை) போட்டதும் ஃபோல்டர் காலியாகத் தெரிந்தால், டாக்கர் ஓடும் பயனருக்கு அந்த ஃபோல்டரைப் படிக்கும் உரிமை இல்லை. வன்பொருள் வழி வீடியோ மாற்றம் வேலை செய்யாவிட்டால் கிராஃபிக்ஸ் சாதனத்தை டாக்கருக்குள் கொடுத்திருக்கிறீர்களா, ரெண்டர் குழுவில் சேர்த்தீர்களா என்று பாருங்கள்.

தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. எக்ஸ்ட்4, ஜெட்எஃப்எஸ் இரண்டிலும் பெயரின் உச்சவரம்பு 255 பைட். யுடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். கொ, மி போன்ற உயிர்மெய்க்கு 6. அதனால் ஏறக்குறைய 50 எழுத்திலேயே இடம் தீர்ந்துவிடும். விண்டோஸில் ஏற்றுக்கொண்ட நீளமான தமிழ்ப் பெயர் சர்வருக்கு நகலெடுக்கும்போது பிழை தருவது இதனால்தான். பெயரைச் சுருக்கிவிட்டு நகலெடுங்கள்.

மின்தடை, வெளியூர், நகல்

பயாஸில் மின்சாரம் திரும்பியதும் தானாக எழும்படி அமைத்துவிடுங்கள். வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுவதாக இருந்தால் அதன் பின்னால் உள்ள சுவிட்ச் யுபிஎஸ் நிலையில் இருக்க வேண்டும். சாதாரண நிலையில் மாறும் நேரம் கூடுதல் என்பதால் கணினி அணைந்து எழும். தனி யுபிஎஸ் என்றால் 600 விஏ போதும், 30 வாட் பெட்டியை அரை மணி நேரம் தாங்கும். வாங்கும்போது யுஎஸ்பி போர்ட் உள்ளதா என்று கேளுங்கள். மலிவு மாடல்களில் பெரும்பாலும் இருக்காது. அது இல்லாமல் பேட்டரி தீரும் முன் சர்வர் தானே அணைய வழியில்லை.

வெளியூரிலிருந்து பார்க்க ரவுட்டரில் போர்ட் திறக்க வேண்டாம். பல இணைய இணைப்புகளில் ஒரே வெளிமுகவரியைப் பல வீடுகள் பகிர்வதால் அது வேலையும் செய்யாது. விண்டோஸ் பகிர்வின் 445ஆம் போர்ட்டை இணையத்துக்குத் திறந்து வைப்பது எவ்வளவு ஆபத்து என்பதை 2017 மே மாதம் பரவிய வானாக்ரை ரான்சம்வேர் காட்டியது. உங்கள் சொந்தக் கருவிகளை மட்டும் தமக்குள் இணைக்கும் டெய்ல்ஸ்கேல் மென்பொருளை சர்வரிலும் போனிலும் நிறுவினால், போர்ட் எதுவும் திறக்காமல் பாதுகாப்பான வழி கிடைக்கும். தனிப்பட்ட பயன்பாட்டுக்கு இலவசம்.

கடைசியாக நகல். இரண்டு டிஸ்க்கில் ரெய்டு வைத்திருப்பது நகல் ஆகாது. ஒன்றில் அழித்தால் அதே நொடியில் மற்றதிலும் அழியும். இடி விழுந்தால் இரண்டும் ஒரே எஸ்எம்பிஎஸ்சில்தான் இருக்கின்றன. போட்டோவையும் ஆவணத்தையும் மட்டுமாவது ஒரு வெளிப்புற டிஸ்க்கில் மாதம் ஒருமுறை ஏற்றி, ஏறியதும் அதைக் கழற்றி வேறு அலமாரியிலோ உறவினர் வீட்டிலோ வையுங்கள். அந்த டிஸ்க்கை எக்ஸ்ட்4இல் அமைத்தால் விண்டோஸ் கணினியில் செருகும்போது ஃபார்மட் செய்யவா என்றுதான் கேட்கும், தெரியாத ஒருவர் ஆம் என்று அழுத்திவிடலாம். அதனால் வெளிப்புற நகலை மட்டும் விண்டோஸும் படிக்கும் எக்ஸ்ஃபேட் முறைமையில் வையுங்கள். சர்வரைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவரிடம் அந்த டிஸ்க்கைக் கொடுத்து, அவருடைய கணினியில் குறிப்பிட்ட ஒரு போட்டோவைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். அவர் அதைத் திறந்து காட்டும்வரை பழைய பெட்டிகளில் இருக்கும் மூலங்களை அழிக்காதீர்கள்.